நான் படிச்ச படம், அவ பாத்த படம்

எங்க பிளாக்குல பெரியநாயகின்னா ஒரு ரெண்டு வருஷம் தெரியாத ஆளே கெடையாது. கருணாகரன் பொண்டாட்டின்னு இல்ல, பெரியநாயகின்னே தெரியும். அந்தக் கருணாகரன் நான்தான். இதச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரியுது. அதனால மொதல்லயே சொல்லிடறேன், நான் சொல்றதுல பாதி பொறாமையிலதான் சொல்றேன். மீதிப் பாதியும் அநேகமா அதுவாத்தான் இருக்கும்.

அவ பொறந்தது மேல்பட்டாம்பாக்கம். பத்தாவதுல இங்கிலீஷ்ல மட்டும் ரெண்டு தடவ பெயிலு. மூணாவது தடவ எழுதறதுக்குள்ள எனக்குக் கட்டிக் குடுத்துட்டாங்க. நான் டிப்ளமோ படிச்சவன், நெலக்கரிச் சுரங்கத்துல கன்வேயர் பெல்ட் ஆபரேட்டர், பர்மனெண்ட். ரெண்டு பொண்ணுங்க. பெரியவள ஓசூர்ல குடுத்துட்டோம், சின்னவ கோயமுத்தூர்ல ஹாஸ்டல்ல இருந்தா. குவார்ட்டர்ஸ்ல நானும் அவளும்தான். எங்களுக்குள்ள சண்ட சச்சரவு ஒண்ணும் கெடையாது. பேச்சுதான் கெடையாது. ஷிப்ட்டு என்ன, கொழம்பு என்ன, பொண்ணு போன் பண்ணாளா, இதோட முடிஞ்சிடும்.

ரெண்டாயிரத்துப் பன்னெண்டுல எனக்குக் குடலெறக்கத்துக்கு ஆபரேஷன் ஆச்சி. ஒரு மாசம் கனம் தூக்கக் கூடாது, வூட்லயே கெடன்னுட்டாங்க. அப்ப வெளியூரு பூரா கரண்டு இல்லாம அல்லாடிகினு இருக்கு, கரண்டு எடுக்கற எங்க டவுன்ஷிப்புல மட்டும் பேன் நிக்காம சுத்துது. நான் ரிமோட்ட வச்சிகினு ஒண்ணாம் நம்பர்லேந்து அழுத்திகினே போவேன். அப்படிப் போறப்ப முந்நூத்திச் சொச்சத்துல ஒரு சேனல். வெள்ளக்காரக் கெழவன் ஒருத்தன் ஒரு மாட்டப் புடிச்சிகினு நடந்து போறான். பாட்டு இல்ல, சண்ட இல்ல, பேசறது இங்கிலீஷும் இல்ல. கீழ மட்டும் இங்கிலீஷ் எழுத்து ஓடுது. மாத்தலாம்னு கைய வச்சேன். அடுப்பங்கரையிலேந்து எட்டிப் பாத்தவ, இருங்க, அந்த மாட்டுக்குப் பின்னங்கால்ல என்னமோ கோளாறு, அது வெல போகாதுன்னா.

கெழவன் மூணு நாள் நடந்து சந்தைக்குப் போறான். மாடு விக்கல. திரும்ப மூணு நாள் நடந்து வூட்டுக்கு வரான். அவ்வளவுதான் படம். இதெல்லாம் ஒரு படமான்னு தோணிச்சி, ஆனா எந்திரிக்க முடியல. சாப்பிடறப்ப அந்த மாட்டப் பத்தியே பேசினோம். கெடைச்ச வெலைக்குத் தள்ளியிருக்கணும்னு நான். அவன் விக்கறதுக்கே போகலன்னு அவ. கல்யாணம் ஆயி இருபத்திரெண்டு வருஷத்துல, சோறு ஆறிப் போற அளவுக்குப் பேசினது அன்னிக்கிதான்.

அந்த ஒரு மாசத்துல தெனம் ஒரு படம். பன்னெண்டரைக்குப் போடுவான், மூணு மணிக்கு முடியும். நான் எழுத்தப் படிச்சிச் சொல்லுவேன், அவ மூஞ்சியப் பாத்துச் சொல்லுவா. அதுக்கப்பறம் நான் டூட்டிக்குத் திரும்பிட்டேன். அங்கதான் வந்துச்சி வென.

எங்க ஷிப்ட்டு கணக்குத் தெரியாதவங்களுக்கு இது புரியாது. ஒரு வாரம் பர்ஸ்ட் ஷிப்ட்டு. காலையில ஆறு மணிக்கு உள்ள போனா ரெண்டு மணிக்கு ரிலீவர் வரணும், பஸ் புடிச்சி வூடு வந்து சேர ரெண்டரை. படத்தோட கடைசி அரை மணிதான் கெடைக்கும். அடுத்த வாரம் செகண்ட் ஷிப்ட்டு. ஒண்ணேகாலுக்குப் பஸ். ஆரம்பம் முக்கா மணி பாத்துட்டு, டிபன் பாக்ஸத் தூக்கிகினு ஓடணும். மூணாவது வாரம் நைட்டு, பகல் பூரா தூக்கம். ஆக நான் ஒரு வாரம் தலை பாப்பேன், ஒரு வாரம் வாலு பாப்பேன். வாரத்துல ஒரு நாள் ஆப் வந்தா முழுசா ஒண்ணு. அவளோ அக்கடான்னு ஒக்காந்து தெனம் முழுசா பாத்துகினு இருந்தா. நான் பள்ளத்துல தூசி தின்னுகினு கெடக்கறேன், இவ பனி பேயற ஊருல சுத்தறா. எரியுமா எரியாதா, சொல்லுங்க.

ஆனா பாக்காதத அவ எனக்குச் சொல்லுவா. அதையும் மறைக்கக் கூடாது. நான் வந்து கைகால் கழுவி ஒக்காந்தா, சோத்தப் போட்டுகினே ஆரம்பிப்பா. எழுத்துப் படிக்க வராததால அந்த ஊருப் பேரு எதுவும் அவளுக்குத் தெரியாது. அவளே பேரு வச்சிடுவா. நீலச் சட்டை, சுருட்ட மயிரு, நம்ம பால்கார மாணிக்கம்மாள் மூக்கு. அந்த நீலச் சட்டை இருக்கான்ல, அவன் வூட்டுக்கு வந்தா கோட்டக் கழட்டி ஆணியில மாட்டுவான், இன்னிக்கி மாட்டலைங்க, அப்பவே எனக்குத் தெரிஞ்சிடிச்சி அவன் தங்க மாட்டான்னு, இப்படித்தான் போகும். அவங்க என்ன சாப்பிடறாங்க, துணி எப்படிக் காயப் போடறாங்க, எல்லாம் வரும். கேட்டுகினே நான் ரெண்டாவது தடவ சோறு வாங்குவேன்.

இதையெல்லாம் வாங்கிகினு போயி நான் கம்பெனி பஸ்ல விப்பேன். எங்க செட்டு ஆளுங்க இருபது பேரு, எல்லாம் ஒரே ஷிப்ட்டா மாறுறவங்க, அதனால பஸ்லயும் அதே மூஞ்சிங்கதான். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் துரைராஜ் என் பக்கத்துல ஒக்காருவான். அவன்தான் மொதல்ல, அண்ணே நேத்து என்ன படம்னு கேப்பான். நான் கொரல ஏத்தி, முன் சீட்டு ஆளுங்க திரும்பிப் பாக்கற மாதிரி சொல்லுவேன். மாட்டுக் கதையச் சொன்ன அன்னிக்கி, கம்மாபுரம் பக்கத்துலேந்து வர்ற சடையப்பன், பேச்சே பேசாத மனுசன், எந்திரிச்சி வந்து பக்கத்துல நின்னுகினு கேட்டாரு. எனக்குப் படக்காரருன்னு பேரே வச்சிட்டாங்க. இருபத்தஞ்சி வருஷ சர்வீஸுல கெடைக்காத மரியாத அது. கதையில பாதிக்கு மேல பெரியநாயகி சொன்னதுன்னு நான் ஒரு நாள் கூடச் சொல்லல. சொல்லணும்னு தோணல.

அடுத்த வருஷம் எங்க செட்டு ஆளு ஒருத்தர் பொண்ணு கல்யாணம். மண்டபத்துல நான் ஆம்பளைங்களோட நின்னுகினு இருக்கேன், அந்தப் பக்கம் ஒரே பொம்பளைங்க கூட்டம். என்னான்னு பாத்தா நடுவுல பெரியநாயகி. கையில தாம்பூலப் பை, வாயில படம். பன்னெண்டு பதினஞ்சி பேரு சுத்தி ஒக்காந்திருக்காங்க, ஒருத்திக்கும் பொண்ணு மாப்பிள்ள நெனப்பே இல்ல. துரைராஜ் என் தோளத் தட்டி சிரிச்சிகினே சொன்னான். அண்ணே, நீ சொல்றதும் நல்லாத்தான் இருக்கும், ஆனா அண்ணி சொல்லி எங்க கனகம் வந்து சொல்லுவா பாரு, கேட்டுகினே இருந்ததுல ஒரு நாள் எங்க வூட்ல கொழம்பே தீஞ்சி போச்சி.

கனகம் அவன் பொண்டாட்டி. ஆக, நான் பஸ்ல சொல்றதுக்கு முன்னாடியே துரைராஜுக்குக் கதை தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சிகினேதான் இத்தன நாள், அண்ணே என்ன படம்னு கேட்டிருக்கான், என் மனசு நோகக் கூடாதுன்னு. எனக்கு எப்படி இருந்திருக்கும். சாப்பாட்டுல கை வைக்கல. வூட்டுக்கு வர்ற வழியில அவ, கல்யாணப் பொண்ணு நல்லாருந்தாள்லன்னா. யாரு கண்டா, நீ பாத்தியான்னேன்.

அதுலேந்து எனக்கு எதப் பாத்தாலும் தப்பாவே பட்டுது. காய் வாங்கற எடத்துல அவள ரெண்டு பேரு நிறுத்திப் பேசினா எரியும். சாயங்காலம் நடக்கப் போறப்ப கனகம் தோளோட தோள் ஒரசிகினு போனா எரியும். படிச்சவன் நான், எழுத்து தெரிஞ்சவன் நான், அந்தச் சேனலக் கண்டுபுடிச்சவன் நான். இவளுக்கு என்னா தெரியும். இத மனசுல வச்சி வச்சி அரச்சிகினே இருந்தேன். ஒரு சந்தர்ப்பத்துக்குக் காத்துகினு இருந்தேன்னுதான் சொல்லணும்.

ஆடி மாசம் கனகம் வூட்ல கூழ் ஊத்தினாங்க. பலா மரத்தடியில பாய் விரிச்சி எல்லாரும் ஒக்காந்திருக்காங்க. ஆம்பளைங்களும் இருக்கோம். கனகம்தான் ஆரம்பிச்சா, யக்கா, புதன்கெழம பாத்தத சொல்லுங்களேன்னு. புதன்கெழம எனக்கு ஆப். அந்தப் படத்த நானும் முழுசா பாத்திருந்தேன், ஒரு எழுத்து விடாம.

ஒரு விதவைப் பொம்பள, வூட்ல ஒரு அறைய வாடகைக்கு விடறா. ஒரு வாலிபன் வந்து தங்கறான். பெரியநாயகி சொல்றா, அவன் அந்தம்மா பெத்த புள்ளதான், சின்னதுலயே யாருக்கோ குடுத்துட்டா, அவனுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். தெரிஞ்சிகினே வாடகை வாங்கறா. ரொட்டி வெட்டறப்ப ஓரத்த எல்லாம் தனக்கு வச்சிகினு நடுவ அவன் தட்டுல வைக்கறா பாருங்கன்னு கையால வெட்டிக் காட்டறா. கனகம் முந்தானையால கண்ணத் தொடச்சிகினா. சடையப்பன் கூழ் சொம்பக் கையிலயே வச்சிகினு இருக்காரு, குடிக்கல.

என்னால தாங்க முடியல.

"அது புள்ளயும் இல்ல, ஒண்ணும் இல்ல"ன்னேன். "அவன் அந்த ஊருக்கு ரோடு அளக்க வந்த சர்வேயர். கீழ எழுத்துல தெளிவாப் போட்டான். அவங்கம்மா வேற ஊருல உசுரோட இருக்கா, அவளுக்கு அவன் லெட்டர் எழுதறான். இங்கிலீஷ்ல ரெண்டு தடவ பெயிலானவ சொல்றத நம்பிகினு எல்லாரும் அழுதுகினு ஒக்காந்திருக்கீங்க."

சிரிப்பாங்கன்னு நெனைச்சேன். ஒருத்தரும் சிரிக்கல. பெரியநாயகி மட்டும் சிரிச்சா. அப்படிங்களா, எனக்குத் தெரியாதுங்களேன்னா. எந்திரிச்சி, கூழ் யாருக்கு வேணும்னு கேட்டுகினே உள்ள போயிட்டா. ராத்திரிக்கு எனக்குப் புடிச்ச வத்தக் கொழம்புதான் வச்சிருந்தா.

அடுத்த நாள் பர்ஸ்ட் ஷிப்ட்டு முடிஞ்சி வந்தேன். கடைசி அரை மணி ஓடிகினு இருக்கு. சோத்தப் போட்டா. முன்னாடி என்னாச்சின்னு கேட்டேன். கண்ணசந்துட்டேங்கன்னா. அதுக்கு அடுத்த நாள், துணி தொவச்சிகினு இருந்தேன், கவனிக்கலைங்கன்னா. மூணாவது நாள் நான் கேக்கல. நான் என்னத்துக்குக் கெஞ்சணும், எனக்குப் படிக்கத் தெரியாதா. இப்படியே வாரக் கணக்காப் போச்சி. திரும்ப ஷிப்ட்டு என்ன, கொழம்பு என்ன, பொண்ணு போன் பண்ணாளான்னு ஆயிடிச்சி.

பஸ்ல மட்டும் விட முடியல, பேரு வாங்கிட்டோம்ல. அந்தச் சேனல்ல ஒரு வாரம் போட்டத சில சமயம் பத்து பதினஞ்சி நாள் கழிச்சித் திரும்பப் போடுவான். ஒரு படத்தோட தலைய நான் செகண்ட் ஷிப்ட்டு வாரத்துல பாத்தேன். தாடிக்காரன் ஒருத்தன் மலைப் பக்கம் கெணறு வெட்டறான், அவன் மக அவனோட பேசறதில்ல. நடுவுல நைட்டு வாரம் போயி, பர்ஸ்ட் ஷிப்ட்டுல வந்து பாத்தா, தாடிக்காரன் கடல்ல படகுல ஒக்காந்து செருப்பக் கழட்டித் தண்ணியில வீசறான். அதே தாடி. சரி, வாலு கெடைச்சிடிச்சி. நடுவ நானே போட்டுக்கினேன். கெணத்துல உப்புத் தண்ணியா வருது, ஊரு சிரிக்குது, மனசு ஒடஞ்சி ஊர விட்டுக் கடலுக்குப் போயிடறான்னு.

மறுநாள் காலையில பஸ்ல எடுத்து வுட்டேன் பாருங்க, எனக்கே கண்ணு கலங்கிச்சி. முன் சீட்டெல்லாம் திரும்பிடிச்சி. சடையப்பன் ம் கொட்டிகினு வராரு. செருப்ப வீசறதோட முடிச்சேன். துரைராஜ் ஜன்னல் பக்கம் பாத்துகினு இருந்தான். சொல்லலாமா வேணாமான்னு அவன் யோசிக்கறது எனக்கே தெரிஞ்சிது.

"அண்ணே, அது ரெண்டு படம்ணே. கெணறு வெட்டறவன் கெணத்துலயே போயிடுவான். அந்தப் பொண்ணு மேல நின்னுகினு, அன்னிக்கிதான் வாயத் தொறந்து அப்பான்னு கூப்புடும். கடல்ல போறவன் வேற ஆளு."

யார்றா சொன்னதுன்னு கேட்டேன். கனகம் சொன்னாண்ணேன்னான். கனகத்துக்கு யாரு சொன்னதுன்னு கேக்கல நான். பஸ்ல இருந்த அத்தன பேருக்கும் தெரியும். ஒருத்தரும் கிண்டல் பண்ணல, அதான் இன்னும் கேவலமா இருந்துச்சி. சடையப்பன் மட்டும் துரைராஜப் பாத்து, அந்தப் பொண்ணு கூப்பிட்டப்ப உள்ள உசுரு இருந்துச்சான்னு கேட்டாரு. சுரங்கத்து வாசல்ல எறங்கற வரைக்கும் அந்தக் கதைதான் ஓடிச்சி.

அன்னிக்கி பூரா பெல்ட்டு ஓடுது, நான் ஒக்காந்திருக்கேன், ஒரே நெனப்பு. கண்ணசந்துட்டேன்னவ பாத்திருக்கா. கவனிக்கலன்னவ பாத்திருக்கா. ஒவ்வொண்ணையும் பாத்து, மனசுல வச்சிருந்து, கனகத்துக்குச் சொல்லியிருக்கா. எனக்கு மட்டும் இல்ல. பேரு போனது கூட ரெண்டாவதுதான். அந்தப் பொண்ணு அப்பான்னு கூப்பிட்டத அவ எந்தக் கொரல்ல சொல்லியிருப்பான்னு நெனச்சேன், துரைராஜ் மேல அவ்வளவு ஆத்திரம் வந்துச்சி. என் வூட்டுச் சோறு எனக்கில்லாம அடுத்த வூட்ல பரிமாறின மாதிரி.

அந்த வாரம் ஆப் வந்துச்சி. சரி, கூடவே ஒக்காந்து பாத்துடுவோம், பேசாமலா போயிடுவான்னு முடிவு பண்ணேன். பன்னெண்டரைக்கு நானே டிவியப் போட்டேன். பாய்ல அவ ஒரு ஓரம், நாற்காலியில நான். அப்பனும் மகளும் ஒரு மர பீரோவ முதுகுல கட்டிகினு மலை தாண்டிப் போறாங்க, மக கட்டிக்கப் போறவன் வூட்டுக்கு. நாலு நாள் நடக்கறாங்க. மழை பேயுது, பாலத்துல தூக்க முடியாம எறக்கி வைக்கறாங்க. கடைசியில அங்க போனா வாசக்கால் சின்னது, பீரோ உள்ள போகல. வாசல்லயே வச்சிட்டு அப்பன் திரும்பிப் போறான். நான் எல்லா எழுத்தையும் படிச்சேன். ஊருப் பேரு, ஆளு பேரு, பீரோ என்ன மரம், எல்லாம் எனக்குத் தெரியும்.

எப்படி இருந்துச்சின்னு கேட்டேன். நல்லாருந்துச்சிங்கன்னா. மூஞ்சியக் கழுவிகினு, தலைய வாரிகினு, கனகம் வூட்டு வரைக்கும் போயிட்டு வரேன்னு கெளம்பினா. எனக்கு வெக்கம் மானம் எல்லாம் போயிடிச்சி.

"எனக்கும் சொல்லேன் நாயகி"ன்னேன்.

வாசல்ல நின்னு திரும்பிப் பாத்தா. மொகத்துல கோவமெல்லாம் இல்ல. கோவம் இருந்திருந்தா ரெண்டு வார்த்த பேசி முடிச்சிருக்கலாம்.

"நீங்கதான் கூடவே ஒக்காந்து படிச்சீங்களே. உங்களுக்கு நான் என்னங்க சொல்றது."

போயிட்டா. எங்க குவார்ட்டர்ஸுக்கும் துரைராஜ் குவார்ட்டர்ஸுக்கும் நடுவுல ஒரே செவுரு. பின்பக்கம் துணி தொவைக்கற எடத்துல நின்னா அந்தப் பக்கம் பேசறது கேக்கும். நான் அங்க போயி நின்னேன். இப்பத்தான் முழுசா பாத்த படத்தக் கேக்கறதுக்கு, நாப்பத்தொம்பது வயசு ஆளு, செவுத்துல காத வச்சிகினு.

வாசக்கால் சின்னதுன்னு அந்தப் பொண்ணுக்கு மொதல்லயே தெரியும்டின்னு சொல்லிகினு இருந்தா பெரியநாயகி. கெளம்பற அன்னிக்கி காலையில பீரோவக் கையால அளந்து பாத்தா இல்ல, அப்பவே அவளுக்குத் தெரிஞ்சி போச்சி. அப்பன்கிட்ட சொல்லல. சொன்னா நாலு நாள் அப்பனோட நடக்கறது கெடைக்குமா அவளுக்கு.

அளந்து பாத்தாளா. நான் பாக்கல. அந்த நேரத்துல கீழ எழுத்து ஓடிகினு இருந்திருக்கும். செவுத்துக்கு அந்தப் பக்கம் கனகம், அய்யோ, அப்பறம் என்னக்கான்னா. அந்தக் கனகத்த மாதிரி ஒக்காந்து, அதே மாதிரி கேக்க எனக்கு அவ்வளவு ஆசையா இருந்துச்சி. வாழ்க்கையில யாரு மேலயும் அவ்வளவு பட்டதில்ல, அன்னிக்கி கனகத்து மேல அப்படி ஒரு பொறாமை பட்டேன். பெரியநாயகி கொரலக் கொறச்சி என்னமோ சொன்னா, எனக்குக் கேக்கல.